ஓவியப் புத்தகம் 300 பிரதி போடப்போகிறோம்: விநியோகத்துக்கு வழி சொல்லுங்கள்

நிலா (கும்பகோணம்)

வணக்கம். நாங்கள் மூன்று பேர், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். டெல்டா பக்கத்துச் செங்கல் சூளைகளில் உட்கார்ந்து வரைந்த கோட்டோவியங்கள், லினோகட் அச்சுகள் (லினோலியத் தகட்டில் செதுக்கி எடுப்பவை), சூளையில் வேலை செய்கிறவர்கள் எங்களிடம் பேசியவை எல்லாவற்றையும் சேர்த்து 96 பக்கத்தில் ஒரு புத்தகம் தயாராக இருக்கிறது. இது படம் போட்ட கட்டுரைத் தொகுப்பு இல்லை, கண்காட்சிக் கேட்லாக்கும் இல்லை. பக்கத்தைப் புரட்டும்போதுதான் வேலை முழுமையாகும், அப்படி யோசித்துச் செய்தது.

அச்சகத்தில் 300 பிரதி போட்டால் ஒன்றுக்கு 350 ரூபாய் ஆகும் என்கிறார்கள். 1000 போட்டால் 190தானாம். கையில் இருப்பது ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மீதியைக் கடன் வாங்கி 1000 போட்டுவிடலாமா? விநியோகஸ்தர் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுப்பது நல்லதா, நாங்களே கடைகடையாக ஏறுவது நல்லதா? இதை முன்னால் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

மேப்லித்தோ (சென்னை)

நிலா, வாழ்த்துகள். 1000 வேண்டாம். பிரதிக்கு 190 என்று கேட்டதும் மனம் அங்கேதான் போகும். ஆனால் நீங்கள் கட்டப்போவது 1,90,000 ரூபாய். விற்காமல் நிற்கும் பிரதிகள் உங்களில் யாராவது ஒருவர் வீட்டில்தான் இருக்கப்போகின்றன. ஆர்ட் பேப்பரில் (பளபளப்புப் பூச்சு உள்ள தாள்) அடித்த புத்தகத்தை ஈரம் உள்ள அறையில் அடுக்கி வைத்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் மையோடு வரும். கோட்டோவியமும் லினோகட்டும் என்றால் பூச்சு இல்லாத தாளே போதும், அதுதான் அழகாகவும் இருக்கும். மேப்லித்தோவிலோ நேச்சுரல் ஷேடிலோ ஒரு பாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) சோதனைக்கு அடித்துப் பாருங்கள்.

இப்போது விநியோகக் கணக்கு. 300 பிரதிக்கு அடக்கச் செலவு 1,05,000. உங்கள் மூவருக்கு, சூளைக்காரர்களுக்கு, விமர்சனத்துக்கு, நூலகங்களுக்கு என்று 60 போனால் விற்பனைக்கு மிஞ்சுவது 240. விலை 1000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விநியோகஸ்தர் விலையில் 55 சதவீதம் கழிவு (தள்ளுபடி) கேட்டால் உங்கள் கைக்கு வருவது 450. 240 பிரதியும் விற்று, பணமும் முழுதாக வந்தால் 1,08,000. மூவாயிரம் ரூபாய் மிச்சம். அதுவும் பார்சலுக்கும் அட்டைப் பெட்டிக்கும் போய்விடும். எல்லாம் நல்லபடியாக நடந்தால் கிடைக்கிற பலன் இது!

100 பிரதியை முன்வெளியீட்டுத் திட்டத்தில் 800 ரூபாய்க்கு நேரடியாகக் கொடுத்தால் அச்சுக்குப் போகும் முன்பே 80,000 கையில் இருக்கும். கடைகளுக்கு 40 சதவீதக் கழிவில் 80 பிரதி கொடுத்தால் 48,000. இன்னும் 60 பிரதி மீதி இருக்கும்போதே அடக்கத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். ஆகவே யாரிடம் விற்கப்போகிறீர்கள் என்பதை முதலில் பெயர் பெயராக எழுதுங்கள். எத்தனை பிரதி, என்ன விலை, என்ன அளவு என்பதெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. நம் சிறுபத்திரிகைகள் சந்தாதாரர் பட்டியலை வைத்துக்கொண்டுதான் உயிர் வாழ்ந்தன. கசடதபற இதழ் வந்த காலத்தில் ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்ததும் அந்த வழியில்தான்.

ராக்கையோரம் (கோவை)

நான் புத்தகக் கடையில் வேலை பார்க்கிறேன். கடையின் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஓவியர்கள் கொண்டுவரும் புத்தகங்களில் பாதிக்கு முதுகில் எழுத்து இருக்காது. நடுவில் பின் அடித்தது, அல்லது ஜப்பானியத் தையல். பார்க்க நன்றாக இருக்கும், ராக்கையில் செருகியதும் காணாமல் போய்விடும். முகப்பு தெரிய நிறுத்த எல்லாக் கடையிலும் இடம் கிடையாது. அடுத்தது அளவு. ஒன்றரை அடி அகலப் புத்தகத்தைப் படுக்க வைத்தால் அதன்மேல் வேறு நான்கு புத்தகம் ஏறும், மாதக் கடைசியில் மூலை மடங்கியிருக்கும். அப்புறம் பிளாஸ்டிக் உறை. உறை போட்டால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள், போடாவிட்டால் பத்து நாளில் அழுக்காகும். எல்லாப் பிரதிக்கும் உறை போட்டுவிட்டு, கூடவே "மாதிரிப் பிரதி" என்று முத்திரை குத்திய ஒன்றைக் கடைக்கு இலவசமாகக் கொடுங்கள். இந்த ஒரு பிரதி மற்ற பத்தை விற்றுக் கொடுக்கும். இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கிவிடுங்கள். இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பின்னட்டையில் விலையும் பட்டைக்குறியீடும் இல்லாத புத்தகத்தைப் பில் போடவே முடியாத கடைகள் இருக்கின்றன. அட்டை அழகு கெடும் என்று நினைத்தால் ஒட்டுத்தாளில் அச்சிட்டு உறைமேல் ஒட்டுங்கள்.

ஒரு கடையில் ஐந்து பிரதிக்கு மேல் வைக்காதீர்கள். கொடுக்கும்போதே டெலிவரி சலானில் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய் மீதியை எண்ணுங்கள். விற்ற பிறகு பணம் என்கிற ஏற்பாட்டில் பணம் தானாக நடந்து வராது.

வடதிசை (பெர்லின்)

கலைப் புத்தகங்கள் மட்டுமே விற்கும் ஒரு சிறிய கடையில் இங்கே பகுதிநேரமாக இருக்கிறேன். ஐரோப்பாவிலும் கணக்கு பெரிதாக மாறவில்லை. கடைக்கு 40 சதவீதம், நடுவில் விநியோகஸ்தர் வந்தால் 55, 60 வரை போகும். இங்கே வசதி என்னவென்றால், கலைப் புத்தகத்துக்கென்றே நடக்கும் விநியோக நிறுவனங்கள் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஐடியா புக்ஸ், நியூயார்க்கில் டி.ஏ.பி. என்று.

ஆனால் எல்லாச் சரக்கையும் ஒரே இடத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அண்மை உதாரணம் கலிபோர்னியாவின் ஸ்மால் பிரஸ் டிஸ்ட்ரிபியூஷன் என்ற விநியோக நிறுவனம். 1969இல் தொடங்கியது. அங்கே பெரும்பாலும் கவிதைப் பதிப்பகங்கள்தான், ஆனால் பாடம் எல்லோருக்கும் பொருந்தும். 2024 மார்ச் கடைசியில், முன்னறிவிப்பே இல்லாமல் மூடினார்கள். ஏறத்தாழ 400 சிறு பதிப்பகங்களின் விநியோகம் ஒரே நாளில் நின்றது. புத்தகங்கள் அதற்கு முன்பே வேறு நிறுவனங்களின் கிடங்குகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. தங்கள் புத்தகத்தைத் தாங்களே திரும்பப் பெற அந்தப் பதிப்பாளர்கள் அலைய வேண்டியிருந்தது, வர வேண்டிய பாக்கியும் தொங்கியது. பத்துப் பிரதி, இருபது பிரதி என்று பிரித்துக் கொடுத்திருந்தவர்கள் தப்பினார்கள்.

எத்தனை பிரதி என்ற கேள்விக்கு அமெரிக்க ஓவியர் எட் ருஷே செய்ததைப் பாருங்கள். பெட்ரோல் பங்க் படங்களை மட்டும் வைத்து 1963இல் அவர் கொண்டுவந்த சிறு புத்தகத்தின் முதல் பதிப்பு 400தான், கையால் எண் இட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பியது. அவர் அந்த மறுப்பையே 1964இல் ஒரு கலை இதழில் விளம்பரமாகப் போட்டார். 1967இல் 500, 1969இல் 3000 என்று மறுபதிப்பு செய்தார். தேவை தெரிந்த பிறகுதான் எண் ஏறியது. விலைமதிப்பைக் கூட்டுவதற்காக எண்ணைக் கட்டுப்படுத்தும் வேலையை அவர் செய்யவில்லை. எனக்கு அவரிடம் ரொம்பவும் பிடித்தது அதுதான்.

1976இல் நியூயார்க்கில் ஓவியர் சோல் லெவிட், விமர்சகர் லூசி லிப்பார்ட் போன்றவர்கள் பிரிண்டட் மேட்டர் என்ற கலைப் புத்தகக் கடையைத் தொடங்கியதற்கும் இதே சிக்கல்தான் காரணம். ஓவியர்கள் மலிவாகப் புத்தகம் போட்டார்கள், அதை வாங்க ஒரு இடம் இல்லை. அந்த இடத்தையும் ஓவியர்களும் விமர்சகர்களும் தாங்களேதான் உண்டாக்கினார்கள்.

குமரன்77

இவ்வளவு சிரமம் எதற்கு? பிடிஎஃப் ஆக்கி இலவசமாகப் போட்டுவிடுங்கள், உலகம் முழுக்கப் போய்ச் சேருமே.

நிலா (கும்பகோணம்)

குமரன், சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு பக்கம் நான்காக மடிந்து விரியும், சூளையின் முழு நீளமும் அதில்தான் வரும். திரையில் அது வெறும் நீளப் படமாகிவிடும். சூளையில் எங்களோடு பேசிய அக்காக்களும் அண்ணன்களும் தங்கள் முகத்தை ஒரு புத்தகத்தில் பார்க்கக் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் போனைக் காட்டி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. மேப்லித்தோ சார் சொல்லும் 1000 ரூபாய் விலையை யோசித்தால், அந்தப் புத்தகத்தில் இருக்கிற யாராலும் அதை வாங்க முடியாது.

நல்லூரான் (யாழ்ப்பாணம்)

நிலா, உங்கள் கடைசி வரி முக்கியமானது. எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஷர்மினி பெரேரா தொடங்கிய ரேக்கிங் லீவ்ஸ் என்ற லாபநோக்கற்ற பதிப்பகம் ஓவியர்களோடு சேர்ந்து புத்தகங்கள் செய்கிறது. ஏற்கெனவே வரைந்து முடித்ததைப் படம் பிடித்துத் தொகுக்கிற வேலை அல்ல. புத்தகமாகவே பிறக்க வேண்டிய படைப்பை ஓவியரிடம் கேட்டு வாங்குகிறார்கள். 2008இல் வந்த தி ஒன் இயர் டிராயிங் ப்ராஜெக்டில் தா. சனாதனன், ஜகத் வீரசிங்க, சந்திரகுப்த தேனுவர, முஹன்னத் காதர் ஆகிய நான்கு பேர் ஒருவர் வரைந்ததை அடுத்தவருக்குத் தபாலில் அனுப்ப, அவர் அதற்குப் பதிலாக வரைய, இப்படியே போனது. ஒரு வருடத்துக்கென்று தொடங்கியது, 2005 மே முதல் 2007 ஒக்டோபர் வரை நீண்டது. போர் மீண்டும் மூண்ட காலம் அது.

2011இல் சனாதனனின் தி இன்கம்ப்ளீட் தோம்பு வந்தது. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள் தாங்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அதனோடு கட்டடக் கலைஞரின் வரைபடமும் ஓவியரின் வரைவும் சேர்ந்து வருகின்றன. தோம்பு என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. காணி உறுதி (நிலப் பத்திரம்) தொலைந்தவர்களுக்கு இந்தப் புத்தகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். கொழும்பில் அலுமாரிக்குள் வைத்து அழகு பார்க்கிற பொருளாக மட்டும் அது நின்றிருந்தால் பாதி உயிர் போயிருக்கும்.

அதே பதிப்பகம்தான் 2013இல் யாழ்ப்பாணத்தில் சமகாலக் கலை, கட்டடக்கலை, வடிவமைப்புக்கான ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடங்கியது. வாங்க முடியாதவர் வந்து இருந்து பார்க்கலாம். இதையும் விநியோகம் என்றுதான் சொல்வேன். ஒரு பிரதி ஒரு வீட்டுக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். வாசிப்பறைக்குப் போனால் கனக்கப் பேர் பார்ப்பார்கள், அதுவும் மாணவர்கள்.

குமரன் தம்பி, மின்வடிவத்தை நான் தள்ளவில்லை. 2005இலிருந்து நூலகம் திட்டம் எங்கள் அச்சுப் பிரதிகளை இணையத்தில் ஏற்றி வருகிறது, அது இல்லாவிட்டால் எவ்வளவோ அழிந்திருக்கும். 1981இல் யாழ் பொது நூலகத்தில் எரிந்தது சுமார் 97,000 நூல்கள். ஒரே ஒரு பிரதி இருந்த சுவடிகளும் அதோடு போயின. ஆகவே நிலா, பிரதிகளைப் பல ஊர்களில் வையுங்கள். விற்று முடிந்த பிறகு மின்பிரதியும் போடுங்கள்.

தபால்பெட்டி (திருச்சி)

அஞ்சல் பற்றி யாரும் சொல்லவில்லையே. சிறு பதிப்பாளரின் லாபம் கரைவதே அங்கேதான்.

பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். சிறிய பதிப்பகங்கள் நம்பியிருந்த சேவை அது. பிறகு 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை வந்தது. கல்வி, சமூக, பண்பாட்டு, சமய நூல்களுக்கானது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் அதிகபட்சம் 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகத்தான் போகும், விளம்பரம் உள்ள பிரசுரங்களை எடுக்க மாட்டார்கள். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். ஓவியர்கள் அந்தப் பக்கத்தையே போடாமல் விட்டுவிடுவது உண்டு, கவனம்.

அளவை முடிவு செய்யும்போதே எடையைக் கணக்கிடுங்கள். 96 பக்கம் என்றால் 48 தாள். ஏ4 அளவில் 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் 130 கிராம்) தாள் போட்டால் உள்பக்கம் மட்டுமே 390 கிராம் வரும். ஏ5இல் 120 ஜிஎஸ்எம் போட்டால் 180 கிராம்தான், அட்டையும் உறையும் சேர்ந்தாலும் 300க்குள் நிற்கும். பாதுகாப்புக்குப் பின்னால் ஒரு தடித்த அட்டை வைத்தே எடை போட்டுப் பாருங்கள்.

வரி விஷயம்: அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் தாளுக்கு உண்டு. புத்தகம் விலக்குப் பெற்ற பொருள் என்பதால் தாளுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கேட்க வழியில்லை. அச்சகத்தில் தாளோடு சேர்த்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

இலங்கைக்கோ பெர்லினுக்கோ தனித்தனியாக அனுப்பினால் அஞ்சல் செலவு புத்தக விலையைத் தொட்டுவிடும். போகிற வருகிற நண்பர்கள் பெட்டியில் பத்துப் பத்தாக அனுப்புங்கள். எதிர்த்திசையிலும் சிரமம்தான், 2019 பட்ஜெட்டிலிருந்து இறக்குமதிப் புத்தகங்களுக்கு 5 சதவீதச் சுங்கம் இருக்கிறது. 

மேப்லித்தோ (சென்னை)

விலை பற்றி நிலா கேட்டது சரியான கேள்வி. 1000 ரூபாய் என்று நான் சொன்னது கடைக் கழிவைத் தாங்குவதற்காக. கடைக்குக் குறைவான பிரதி கொடுத்தால் விலையையும் குறைக்கலாம்.

ஒரு வழி: 300இல் 30 பிரதியைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் கையால் அடித்த, கையெழுத்திட்ட லினோகட் ஒன்றை வைத்து 3000 ரூபாய்க்குக் கொடுங்கள். 90,000 வருகிறது. கலை சேகரிப்பவர்கள், கட்டடக் கலைஞர்கள், உங்கள் ஆசிரியர்கள் வாங்குவார்கள். மீதியை 500 ரூபாய்க்கு விற்க அது இடம் கொடுக்கும். சூளைக்காரர்களுக்கான பிரதியை இலவசக் கணக்கில் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள், மீந்தால் தருவது என்று விடாதீர்கள்.

சென்னையில் தாரா புக்ஸ் செய்ததையும் கவனியுங்கள். 1994இல் தொடங்கிய பதிப்பகம். 2006இல் வந்த தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ், கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் மூவரின் படங்கள். கறுப்புக் கைத்தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையால் சில்க்ஸ்கிரீன் (திரை அச்சு) அடித்து, கையால் தைத்தது. 2008இல் இத்தாலியின் போலோனியா குழந்தை நூல் கண்காட்சியில் பரிசு பெற்றது. பரிசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர்கள் வைத்திருக்கிற விற்பனை முறை. வெளிநாட்டுப் பதிப்பகம் உரிமையை மட்டும் வாங்கிக்கொண்டு தன் ஊரில் அச்சிடுவதில்லை. பிரெஞ்சுப் பதிப்போ ஜப்பானியப் பதிப்போ, எழுத்துக்கான ஸ்கிரீனை மட்டும் மாற்றி இங்கே சென்னையிலேயே அடித்து அனுப்புகிறார்கள். எத்தனை பிரதி என்பது அச்சு தொடங்கும் முன்பே முடிவாகிவிடுகிறது, வேலையும் கூலியும் இங்கேயே நிற்கிறது. உங்களுக்கு 300 பிரதியில் இது சாத்தியமில்லைதான். ஆனால் பேச்சுப் பகுதியைத் தனித்தாளாக வைத்தால், நாளை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ கேட்கிறவருக்கு அந்தத் தாளை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம்.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சியில் நீங்களாக ஸ்டால் எடுக்க வேண்டாம். வாடகை, தங்கும் செலவு, வாசகருக்கு வழக்கமாகத் தரும் 10 சதவீதத் தள்ளுபடி எல்லாம் சேர்ந்தால் ஒற்றைப் புத்தகம் தாங்காது. கவிதை போடும் பதிப்பகம் ஒன்றிடம் மேஜையில் ஓரம் கேளுங்கள். நூலக ஆணையை நம்பியும் கணக்குப் போடாதீர்கள். நெடுங்காலமாக அங்கே விலை பாரக் கணக்கில்தான் இருந்தது. நாலாக மடியும் பக்கத்துக்கும் கைத்தையலுக்கும் அந்தக் கணக்கில் இடம் இருந்ததில்லை.

ராக்கையோரம் (கோவை)

500க்குக் குறைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, சார். 350 அடக்கப் புத்தகத்தை 500க்கு விற்றால் கடைக்கு 40 சதவீதம் கொடுத்த பிறகு கைக்கு 300தான் வரும். ஒவ்வொரு பிரதிக்கும் 50 ரூபாய் நட்டம். இந்த விலையில் கடைகளை முழுதாக விட்டுவிட வேண்டியதுதான். அப்படி விட்டால் உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டுமே வாங்குவார்கள். தற்செயலாக எடுத்துப் புரட்டி, யார் இவர்கள் என்று கேட்கிற ஆள் கடையில்தான் கிடைப்பார். எனக்கு அந்த ஆள் முக்கியம். விலை 750 வையுங்கள், கடைக்கு 30 சதவீதம் மட்டும் தருவோம் என்று சொல்லுங்கள். கலைப் புத்தகம் வைக்க ஆசைப்படுகிற கடைக்காரர் ஒப்புக்கொள்வார்.

மேப்லித்தோ (சென்னை)

30க்கு ஒப்புக்கொள்கிற கடைகள் தமிழ்நாட்டில் பத்துகூட இருக்காது என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பத்து போதும் என்றால் 750 நல்ல விலைதான்.

தபால்பெட்டி (திருச்சி)

ஒன்று விட்டுப்போயிற்று. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம். சிறு பதிப்பாளர்கள் பலர் செய்வதில்லை. செய்யுங்கள். கூடவே தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒன்று அனுப்புங்கள். அந்தச் சேகரிப்பைத் தொடங்கிய கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ஓவியர். உங்கள் புத்தகம் அங்கே இருப்பது பொருத்தம்.

நிலா (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மூவரும் உட்கார்ந்து பேசினோம். 300தான் போடுகிறோம், ஏ5 அளவு, பூச்சில்லாத தாள். மடிப்புப் பக்கத்தை விடவில்லை. லினோகட் வைத்த 30 பிரதிக்குத் தனி விலை. மற்றதற்கு 750, முன்வெளியீட்டில் 600. சூளைக்கு 25 பிரதி ஒதுக்கியாயிற்று, அது போக அங்கேயே ஒருநாள் படங்களைக் கயிற்றில் கட்டிக் காட்டப்போகிறோம். கடைகள் ஆறு மட்டும், ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதியும் ஒரு மாதிரியும்.

பெயர்ப் பட்டியல் எழுதத் தொடங்கினோம். 70 பெயர் வரை வந்திருக்கிறது, 100 ஆகும் வரை அச்சகத்துக்கு முன்பணம் கட்டுவதில்லை என்று முடிவு. நல்லூரான் அண்ணா, யாழ்ப்பாணத்துக்குப் பத்துப் பிரதி அனுப்பினால் வாங்கி வைக்க உங்களால் முடியுமா? வடதிசை, உங்கள் கடைக்கு மூன்று போதுமா?

நல்லூரான் (யாழ்ப்பாணம்)

தாராளமாக அனுப்புங்கள். இரண்டை வாசிப்பறைகளுக்குக் கொடுப்பேன், மற்றதுக்கு நுண்கலை படிக்கிற பிள்ளைகளிடம் இப்பவே சொல்லி வைக்கிறேன்.

வடதிசை (பெர்லின்)

ஐந்து எடுத்து வையுங்கள். டிசம்பரில் ஊருக்கு வருகிறேன், பெட்டியில் நானே எடுத்துப் போவேன். பணத்தை அப்போதே கையில் தந்துவிடுகிறேன்.